பழைய பிக்-அப் வண்டிக்கு டாங்கி மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்திலிருந்து நிபோங் திபால் வரை, இருபது வயதைத் தொட்ட பிக்-அப் வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மீன்பெட்டி, செம்பனைக் குலை, பந்தல் கம்பி, வாழைத்தார் என்று கொடுத்ததைச் சுமக்கும் ஹைலக்ஸ், டி-மேக்ஸ், ட்ரைட்டன், ரேஞ்சர் வகையறா. இவற்றின் எண்ணெய் டாங்கியை, அதாவது டீசலோ பெட்ரோலோ நிற்கும் தொட்டியைப் பற்றிப் பட்டறைக்கு வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகளும் நாங்கள் சொல்லும் பதில்களும் கீழே இருக்கின்றன. டீசல் வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். பெட்ரோல் வண்டிக்கு எது மாறும் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வண்டிக்கு அடியில் டீசல் சொட்டுகிறது. டாங்கி போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். எப்போது சொட்டுகிறது என்று முதலில் பாருங்கள். எண்ணெய் நிலையத்தில் முழுக்க நிரப்பிக்கொண்டு வந்த அன்று மட்டும் சொட்டி, கால்வாசி தீர்ந்ததும் நின்றுவிடுகிறது என்றால் ஓட்டை அடியில் இல்லை, மேலே இருக்கிறது. நிரப்பும் வாயிலிருந்து டாங்கிக்கு இறங்கும் தடித்த ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கலாம். அதை ஒட்டிப் போகும் காற்றுக் குழாய் பிளந்திருக்கலாம். எண்ணெய் மட்டத்தை அளக்கும் அளவுமானி உட்கார்ந்திருக்கும் வட்டத் தகட்டின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து சுருங்கியிருக்கலாம். மூன்றுமே டாங்கியைவிட மிக மலிவானவை. டாங்கி காலியாகும் நிலைக்கு வந்தும் சொட்டு நிற்கவில்லை என்றால்தான் அடித்தகட்டையும், மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பையும் சந்தேகிக்க வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. டாங்கியின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தாராளமாகத் தூவுங்கள். ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால் டீசல் இறங்கிய தடம் வெண்மைக்கு நடுவே ஈரக்கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்முனைதான் ஓட்டை. கீழ்முனையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டீசல் தகட்டோடு ஒட்டிக்கொண்டே வெகுதூரம் போய், சம்பந்தமில்லாத இடத்தில் சொட்டும்.

சின்னக் கசிவுதானே, இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் போகும். தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10 அன்று டீசலுக்கான பொது உதவித்தொகை விலக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து ஒரே நாளில் 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியபோது, ஆண்டுக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்த வண்டிகளெல்லாம் திடீரென்று பட்டறைக்கு வந்தன. காசு ஒரு பக்கம் இருக்கட்டும். டீசல் சீக்கிரம் ஆவியாகாது. சாலையில் படலமாகத் தங்கிவிடும், மழை தூறினால் இன்னும் வழுக்கும். உங்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அது எமன்.

நம் ஊரில் பனி கிடையாது, சாலையில் உப்பும் தூவுவதில்லை. டாங்கி எப்படித் துருப்பிடிக்கிறது?

தூவாவிட்டால் என்ன, மீன்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறோமே! பத்து மாவுங்கிலிருந்தோ கோல குராவிலிருந்தோ மீன் ஏற்றும் வண்டியின் பின்பெட்டியில் ஐஸ் உருகி, உப்புத்தண்ணீர் வடிகால் துளை வழியாக இறங்குகிறது. பல வண்டிகளில் அந்தத் துளைக்கு நேர் கீழேதான் டாங்கியின் தோள் இருக்கிறது. தோட்டத்து வண்டிகளுக்கு வேறு சங்கடம். செம்பனைக் காட்டுச் செம்மண் சேறு டயரில் அடித்து, டாங்கிக்கும் பின்பெட்டியின் அடித்தகட்டுக்கும் இடையிலுள்ள நான்கு விரல் இடைவெளியில் அடைந்துகொள்கிறது. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே அந்த மண் வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

கழற்றி இறக்கிய ஒரு டாங்கியைப் பாருங்கள். பக்கவாட்டில் கறுப்புப் பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். தாங்கும் இரும்புப் பட்டையை நீக்கினால், பட்டை இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துரு அடுக்கடுக்காக உரிந்து வரும். உரித்துக்கொண்டே போனால் நடுவில் ஊசிமுனை அளவு வெளிச்சம். மேல்தகட்டில் ஓடுபோல் இறுகிய மண்கட்டி, அதில் ஒட்டிக் காய்ந்த மீன் செதில்கள். டாங்கியை வண்டியிலிருந்து பிரிக்காமல் இது எதுவும் கண்ணில் படாது. அதனால்தான் ‘வெளியே நன்றாகத்தானே இருந்தது’ என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

உள்ளிருந்தும் துரு வரும். பாதி காலியாக நிற்கும் டாங்கி பகல் வெப்பத்தில் காற்றை வெளியே தள்ளுகிறது. இரவு குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் தகட்டில் வியர்த்து, டீசலைவிடக் கனமானதால் அடியில் போய்த் தேங்குகிறது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றால் டாங்கியை நிரப்பிவிட்டு நிறுத்துங்கள்.

மேடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. இதற்கும் டாங்கிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதிலும் இந்த அறிகுறி மிகவும் பேர்போனது. பாலிக் புலாவுக்குப் போகும் துன் சார்டோன் சாலையில் பாதி மலையில் மூச்சு வாங்கும். ஓரங்கட்டி ஐந்து நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். டாங்கிக்குள் உறிஞ்சுகுழாயின் முனையில் ஒரு சல்லடை இருக்கிறது. துருத்தூளும் சகதியும் உறிஞ்சும் வேகத்தில் அதில் போய் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, அழுக்கு மெல்ல அடியில் படிந்து, வழி திறக்கிறது. இதற்கு, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றி, பம்பைக் கழற்றி, டர்போவைக் குறை சொல்லி நிறையச் செலவு செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஃபில்டரைக் கழற்றி அதிலுள்ள டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி ஒரு இரவு வைத்துப் பாருங்கள். அடியில் தண்ணீர் தனிக் கோடாகப் பிரிந்து நிற்கும், கோட்டின்மேல் பழுப்பாகவோ கறுப்பாகவோ கொழகொழப்பு மிதந்தால் அது பூஞ்சையும் நுண்ணுயிரியும் வளர்ந்த கசடு. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில்தான் அவை குடியேறும்.

பயோடீசல் கலப்பதால்தான் பழைய டாங்கிகள் கெடுகின்றனவா?

முழுப் பழியையும் அதன்மேல் போடுவது நியாயமில்லை. நம் நாட்டில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெத்தில் எஸ்டரை, அதாவது பயோடீசலை, டீசலில் கலப்பது 2011இல் ஐந்து சதவீதத்தில் தொடங்கியது. 2019இல் போக்குவரத்துத் துறைக்குப் பத்து சதவீதமானது. சாதாரண டீசலைவிட இது ஈரத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டாங்கிச் சுவரில் பல ஆண்டு படிந்திருந்த பழைய கசடைக் கரைத்துக் கிளப்பியும் விடும். கிளம்பிய கசடு ஃபில்டரில் போய் நிற்பதால், டாங்கி அன்றுதான் கெட்டதுபோல் தோன்றுகிறது. தண்ணீரை வடித்து ஃபில்டரைக் காலத்தில் மாற்றுகிறவர்களின் வண்டிக்கு இதனால் ஆபத்தில்லை. பழைய ரப்பர் ஹோஸ்களுக்குத்தான் பயோடீசல் ஆகாது. அவை ஊதி, மெத்தென்று ஆகி, கிளிப் இருக்கும் இடத்தில் பிளக்கும். புதிதாக வாங்கும்போது பயோடீசலுக்கு ஏற்ற ஹோஸ் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஓட்டையை ஒட்டினால் போதாதா? வெல்டிங் அடித்துத் தருவதாக ஒரு தம்பி சொல்கிறார்.

அந்தத் தம்பியிடம் கொடுக்காதீர்கள். அவர் நலனுக்காகவும் சொல்கிறோம்.

காலி டாங்கி நிறைந்த டாங்கியைவிட ஆபத்தானது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். ஓர் உள்ளங்கை பெட்ரோல் மிச்சமிருந்தாலும் டாங்கி முழுவதும் அந்த அளவுக்கு ஆவி நிரம்பிவிடும். டீசல் அறை வெப்பத்தில் அப்படி ஆவியாகாது என்பது உண்மைதான். ஆனால் சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் ஆவியும் தீப்பிடிக்கத் தயாராகிவிடும். வெல்டிங் சுடர் தகட்டை அதைப் போல் பல மடங்கு சூடாக்கும். மடிப்புகளில் ஊறியிருக்கும் டீசல் ஆவியாக அதுவே போதும். தண்ணீரால் கழுவினேன், சோப்புப் போட்டுக் கழுவினேன் என்பதெல்லாம் அந்த மடிப்புக்குள் எட்டாது. டாங்கியை முறையாக நீராவியில் சுத்தம் செய்து, தீப்பிடிக்க விடாத மந்த வாயு நிரப்பி வெல்டிங் செய்யும் இடங்கள் இருக்கின்றன. அது சந்துமுனைப் பட்டறையில் நடக்கிற வேலை இல்லை.

இரண்டு பசைகளைக் கலந்து பூசும் எப்பாக்ஸி ஒரு கல் தெறித்த ஓட்டைக்கு உதவும். சுற்றியுள்ள தகடு உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. ஸ்குரூடிரைவர் முனையால் ஓட்டையைச் சுற்றி அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்கினால் ஒட்டுவதற்கு அங்கே இரும்பே மிச்சமில்லை, டாங்கியை மாற்றுவதுதான் வழி. உள்பூச்சு ஊற்றும் முறையும் உண்டு. துருவை அடியோடு நீக்கிய பின் ஊற்றினால் நிற்கும். அரைகுறையாகச் செய்தால் ஏடு ஏடாக உரிந்து அதே சல்லடையில் போய் அடைக்கும்.

பினாங்குப் பாலத்தின் நடுவில் கசிவு பெரிதாகிவிட்டால் என்ன செய்வது?

பாலம் 13.5 கிலோமீட்டர். அதன்மேல் படுத்துப் பழுதுபார்க்க நினைக்காதீர்கள். கசிவது டீசல்தான், புகையோ தீயோ இல்லை என்றால் இடது ஓரமாக மெதுவாக ஓட்டிக் கரையேறி, சமதளத்தில் நிறுத்துங்கள். டீசல் ஊற்றுப்போல் கொட்டுகிறது என்றால் அவசர விளக்கைப் போட்டு ஓரத்தில் நிறுத்தி, வண்டியை விட்டு விலகி நின்று உதவிக்கு அழையுங்கள். பெட்ரோல் வண்டியாக இருந்தால் எந்தக் கசிவுக்கும் நின்று எஞ்சினை அணைப்பதுதான் சரி.

கரைக்கு வந்தபின் ஊசித்துளைக் கசிவுக்குத் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி கைகொடுக்கும். கட்டியை உலர்வாகவே ஓட்டையின்மேல் அழுத்தித் தேய்த்தால் சவர்க்காரம் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அது தண்ணீரில் கரையுமே தவிர டீசலிலோ பெட்ரோலிலோ கரையாது. வீடு போய்ச் சேரவும் மறுநாள் பட்டறைக்கு வரவும் அது தாங்கும். மழை பெய்தால் தாங்காது.

மாற்று டாங்கி எங்கே கிடைக்கும்? ஹாஃப்-கட் கடையில் வாங்கலாமா?

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி உதிரிபாகத்துக்காக வரும் பழைய ஹாஃப்-கட் வண்டிகளில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். டொயோட்டா ஜப்பானில் ஹைலக்ஸ் விற்பனையை 2004இல் நிறுத்தி 2017இல்தான் மறுபடி தொடங்கியது. நாம் இங்கே ஓட்டும் அந்த இடைக்கால வண்டி அங்கே விற்கப்படவே இல்லை. டி-மேக்ஸ், ட்ரைட்டன், ஹைலக்ஸ் எல்லாவற்றுக்கும் பெரிய உற்பத்தித் தளம் தாய்லாந்து. ஆகவே உதிரிபாகங்களும் அங்கிருந்துதான் அதிகம் வருகின்றன. பினாங்குக்காரர்களுக்கு எல்லை பக்கம் என்பது இதில் ஒரு வசதி. உள்ளூரில் விபத்தில் சிக்கி உடைக்கப்பட்ட வண்டியிலிருந்தும் நல்ல டாங்கி கிடைக்கும்.

பழைய டாங்கி வாங்கும்போது வெளிப் பெயிண்டைப் பார்த்து ஏமாறாதீர்கள், கடைக்காரர் நேற்றுத்தான் அடித்திருப்பார். அளவுமானித் துளையில் எல்ஈடி டார்ச்சைப் பிடித்து உள்ளே பாருங்கள். அடித்தகடு சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும், செம்பழுப்பாக இருந்தால் வேண்டாம். குலுக்கினால் சரசரவென்று சத்தம் வந்தாலும் வேண்டாம். பட்டை உட்காரும் இடங்களைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். முக்கியமாக, உங்கள் வண்டியின் அளவுமானித் தகட்டைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஒரே பெயர் கொண்ட வண்டியிலேயே ஒற்றைக் கேபினுக்கும் இரட்டைக் கேபினுக்கும், டீசலுக்கும் பெட்ரோலுக்கும் டாங்கி மாறும்.

தகட்டில் புதிதாகச் செய்துகொள்ளலாமா?

கைத்திறமை உள்ள தகட்டுப் பட்டறை என்றால் செய்யலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. கால்வனைஸ் செய்த தகடு கண்டிப்பாக வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு டீசலோடும் பயோடீசலோடும் வினைபுரிந்து சவர்க்காரம் போன்ற படிவை உண்டாக்கும், அது இன்ஜெக்டரை அடைக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது என்பதால் எண்ணெய்க்கும் நல்லது என்று நினைத்துச் செய்துவிடுகிறார்கள். உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க மறக்கக் கூடாது. இந்த வகை வண்டிகளின் டாங்கி பெரும்பாலும் 75 முதல் 80 லிட்டர் வரை கொள்ளும். 80 லிட்டர் டீசல் 65 கிலோவுக்கு மேல் கனக்கும். வளைவில் அவ்வளவும் ஒரே பக்கம் மோதினால் பட்டை தாங்காது.

அப்படியானால் கொஞ்சம் பெரிதாகவே செய்துகொள்ளலாமே?

கூடாது. அதே இடத்தில் அதே அளவு டாங்கி என்பது பழுதுபார்ப்பு. பெரிதாக்குவதும் இரண்டாவது டாங்கி வைப்பதும் வண்டியின் அமைப்பை மாற்றுவது, அதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் வட மாநிலங்களில், மாற்றியமைத்த டாங்கி என்றாலே அதிகாரிகளுக்கு டீசல் கடத்தல்தான் நினைவுக்கு வரும். 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வண்டியையே பறிமுதல் செய்ய முடியும். இருபது லிட்டர் கூடுதலுக்கு அந்த வம்பு எதற்கு?

பின்பெட்டியைத் தூக்குவது நல்லதா, டாங்கியைக் கீழே இறக்குவது நல்லதா?

பின்பெட்டி ஆறு முதல் எட்டு போல்ட்டுகளில் சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அவற்றைக் கழற்றி, விளக்கு ஒயரையும் நிரப்பும் வாயையும் பிரித்துவிட்டால், நான்கு பேர் சேர்ந்து தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். டாங்கியின் மேல்பக்கம் முழுவதும் கைக்கு எட்டும், மண்ணை நின்றபடியே சுரண்டலாம். எங்களுக்குப் பிடித்தது இந்த வழிதான். பின்பெட்டிக்குமேல் கேனோபி என்னும் கூடு போட்ட வண்டி, அலுமினியப் பெட்டி கட்டிய வண்டி, போல்ட்டுகள் துருவில் உருகி ஒன்றான வண்டி ஆகியவற்றுக்கு இது ஒத்துவராது. அவற்றுக்குக் கீழே இறக்குவதே வேலை குறைவு.

வீட்டு வாசலில் நாமே செய்ய முடியுமா? எப்படிச் செய்வது?

டீசல் வண்டி என்றால், கையில் கொஞ்சம் பழக்கமும் துணைக்கு ஒருவரும் இருந்தால் முடியும். பெட்ரோல் வண்டிக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே.

முந்தைய நாள் மாலையே பட்டை போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். டாங்கியில் முடிந்தவரை குறைவாக டீசல் இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். வண்டி சமதளத்தில், காற்றோட்டமான இடத்தில் நிற்கட்டும். கூரைக்குக் கீழே, சமையல் அறைப் பக்கத்தில் வேண்டாம். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றுங்கள். அடியில் வடிகால் போல்ட் இருந்தால் அதன் வழியாகவும், இல்லையென்றால் கைப்பம்பு வைத்தும் மிச்ச டீசலை எடுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் ஒரு மிடறு போனாலே மருத்துவமனையில் படுக்க வேண்டிவரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

நிரப்பும் ஹோஸையும் காற்றுக் குழாயையும் கழற்றிய பின், டாங்கிக்கு அடியில் ஒரு பலகை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். பட்டை போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, டாங்கியைச் சாண் அளவு இறக்குங்கள். இன்னும் இறக்கிவிடாதீர்கள்! டீசல் போகும் குழாய், திரும்பி வரும் குழாய், அளவுமானி ஒயர் மூன்றும் மேலே இன்னும் மாட்டிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் கையை விட்டு அவற்றைக் கழற்ற வேண்டும். கழற்றுவதற்கு முன் எது போகிற குழாய், எது வருகிற குழாய் என்று டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மாற்றி மாட்டினால் முழு டாங்கியில் வண்டி ஓடும், பாதி டாங்கியில் நின்றுவிடும். திரும்பும் குழாய் பல டாங்கிகளில் அடிவரை எட்டாது என்பதே காரணம். இந்தப் பழுதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தலைமுடி நரைத்துவிடும்.

பட்டை போல்ட் ஒடிந்துவிட்டால் பதற வேண்டாம். டாங்கியை வெளியே எடுத்துத் தள்ளி வைத்த பிறகே கிரைண்டரையோ வெல்டிங்கையோ தொட வேண்டும். டாங்கி இருந்த இடம் காலியானதும் சேசிஸின் உள்பக்கத்தைக் கழுவித் துரு தடுக்கும் பெயிண்ட் அடியுங்கள். அந்த இடம் இனி எப்போது கண்ணில் படுமோ தெரியாது. புது டாங்கிக்கும் பட்டைக்கும் இடையே ரப்பர் பட்டி வையுங்கள். சாக்கோ கம்பளித் துணியோ வைத்தால் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பழைய கதையையே திரும்ப நடத்தும்.

ஏற்றி முடித்ததும் பத்து இருபது லிட்டர் மட்டும் ஊற்றி அடியைப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் எண்ணெய் நிலையத்துக்குப் போய் முழுக்க நிரப்பி, மேல் இணைப்புகளைப் பாருங்கள். மேலே உள்ள கசிவு முழு டாங்கியில்தான் முகம் காட்டும்.

டாங்கியோடு வேறு எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

நிரப்பும் ஹோஸ், காற்றுக் குழாய், போகும் வரும் குழாய்களின் ரப்பர் பகுதி, எல்லாக் கிளிப்புகள், அளவுமானி கேஸ்கெட், பட்டைகள், டீசல் ஃபில்டர். பட்டையை மட்டும் பலர் பழையதையே மாட்டச் சொல்கிறார்கள். டாங்கியைத் தின்ற துரு பட்டையை விட்டுவைத்திருக்காது. ஃபில்டரை உடனே ஒருமுறையும், ஓரிரு வாரம் ஓடிய பின் இன்னொரு முறையும் மாற்றுங்கள். பழைய குழாய்களில் தங்கிய அழுக்கு அதற்குள் வந்து சேர்ந்துவிடும். ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் உயர் அழுத்தத்தில் டீசல் போகும் காமன்-ரெயில் எஞ்சின்களுக்கு இது இன்னும் முக்கியம். ஆயிரத்துச் சொச்சம் பார் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்ஜெக்டருக்குக் கண்ணுக்குத் தெரியாத துருத்தூளே போதும். நான்கு இன்ஜெக்டர்களின் விலையைக் கேட்டவர்கள் பிறகு ஃபில்டர் விலையைப் பற்றிப் பேசுவதில்லை.

புது டாங்கி மாட்டிய பின் எண்ணெய் முள் அசையவே இல்லை.

மிதவையின் கம்பி டாங்கிக்குள் தடுப்புத் தகட்டில் இடிக்கலாம், அல்லது பொருத்தும்போது வளைந்திருக்கலாம். இதைத் தவிர்க்க, அளவுமானியைத் துளைக்குள் இறக்குவதற்கு முன் ஒயரை மாட்டி, சாவியைத் திருப்பி, மிதவையைக் கையால் மேலும் கீழும் நகர்த்துங்கள். ஒருவர் டாஷ்போர்டைப் பார்க்கட்டும். முள் மெதுவாக ஏறி இறங்கினால் அளவுமானி நலம். பழைய மாடல்களில் முள் சற்றுச் சோம்பலாகத்தான் நகரும், அரை நிமிடம் பொறுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, எஞ்சின் கிளம்பவில்லை.

குழாயில் காற்று நிற்கிறது. ஃபில்டர் தலையிலுள்ள கைப்பம்பை, அழுத்தக் கடினமாகும் வரை அழுத்துங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடாதீர்கள், நடுவில் ஓய்வு கொடுங்கள். பம்பு கடினமாகவே ஆகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் டாங்கிமேலுள்ள கிளிப்.

பெட்ரோல் பிக்-அப்புக்கு என்ன வித்தியாசம்?

பம்பு டாங்கிக்குள்ளேயே இருக்கும், குழாயில் அழுத்தம் நிற்கும். பம்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிய பின்னரே குழாயைத் தொட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி, தூரத்தில் ஊதுவத்தியோ அடுப்போ எரிந்தால் அங்கே போய்ப் பற்றிக்கொண்டு திரும்பும். பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிறது. இது கெடுதலா?

லேசாக என்றால் இல்லை. பலமாக இழுத்தால் காற்றுவழி அடைத்திருக்கிறது. டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, டாங்கியின் பக்கங்கள் ஒட்டிய கன்னம்போல் உள்வாங்கும். எஞ்சினும் திணறும். காற்றுக் குழாயைச் சுத்தம் செய்யுங்கள், மூடி வேறு வண்டியுடையதாக இருந்தால் மாற்றுங்கள். குளவி கூடு கட்டி அடைத்த குழாய்களையும் பார்த்திருக்கிறோம்.

பழைய பிக்-அப் வாங்கப் போகிறேன். டாங்கியில் எதைப் பார்ப்பது?

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று பாருங்கள். பினாங்கில் 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த மழையில் ஏராளமான வண்டிகள் மூழ்கின. 2021 டிசம்பரில் ஷா ஆலம் பக்கம் அதைவிட மோசம். அந்த வண்டிகள் துடைத்துப் பாலிஷ் போட்டு இன்றும் கைமாறுகின்றன. வெள்ளநீர் காற்றுக் குழாய் வழியாக டாங்கிக்குள் போயிருக்கும். இருக்கை உறையை மாற்றுகிறவர்கள் டாங்கியைக் கழற்றிக் கழுவுவதில்லை. ஃபில்டர் அடியிலுள்ள வடிகாலை இளக்கி ஒரு போத்தலில் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தண்ணீரும் செம்பழுப்புத் தூளும் வந்தால் பேரத்தில் டாங்கி, ஃபில்டர் செலவைக் கழித்துப் பேசுங்கள்.

வர்த்தக உரிமத்தில் ஓடும் வண்டி என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேறு இருக்கிறது. டீசல் சொட்டிக்கொண்டு போனால் தேறாது.

செலவு எவ்வளவு ஆகும்?

வண்டியைப் பார்க்காமல் தொகை சொல்கிறவரிடம் கவனமாக இருங்கள். டாங்கி புதிதா, பழையதா, தகட்டில் செய்ததா என்பதில் பாதி முடிவாகிவிடும். மீதியைத் துருதான் முடிவு செய்யும். போல்ட்டுகள் ஒழுங்காகக் கழன்றால் அரை நாள் வேலை. ஒடிந்தால் ஒரு நாள் தாண்டும், கூலியும் ஏறும். இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனியாக முன்பே விலை கேட்டுக்கொள்ளுங்கள். தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் வராதீர்கள். தண்ணீர்ப் பந்தலுக்குச் சாமான் ஏற்றும் வண்டிகள் எல்லாம் அப்போதுதான் பழுதாகும்.

பழைய டாங்கியையும் அதிலிருந்து எடுத்த டீசலையும் என்ன செய்வது?

தெளிவாக இருக்கும் டீசலை ஓர் இரவு அசையாமல் வைத்து, மேல்பாதியை மட்டும் வடிகட்டி, பழைய முறைப் பம்பு உள்ள எஞ்சினுக்குப் பயன்படுத்தலாம். காமன்-ரெயில் வண்டிக்கு ஊற்ற வேண்டாம். கசடும் தண்ணீரும் கலந்த பகுதியைச் சாக்கடையில் விடாதீர்கள். உரிமம் பெற்ற கழிவு எண்ணெய்க்காரரிடம் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். 2005ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கும் பட்டியலிட்ட கழிவு விதிமுறைகள் இதற்குத்தான்.

டாங்கியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம். எடைபோடும் முன்பே அது எண்ணெய் டாங்கி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அங்கே எல்லாவற்றையும் கேஸ் சுடரில்தான் வெட்டுவார்கள். அதை இரண்டாகப் பிளந்து சாத்தே வாட்டும் அடுப்பு செய்யலாம் என்று கேட்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள்.  வேண்டாம், அடுப்புக்குப் புதுத் தகடே மலிவு.